அச்சில் வந்த கதை, நம் உலகத்தில்

கேள்வி: நண்பர்களோடு, நானே உருவாக்கிய கற்பனை உலகத்தில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை ஆடுகிறோம். அச்சில் வந்த சாகசங்களை அதில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. 2014-இல் இந்த ஆட்டத்தின் தொடக்கப் பெட்டியோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' கதையையே எடுங்கள். பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும், உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். புதரில் நான்கு காப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள். எந்த உலகத்துச் சாலைக்கும் இந்தக் காட்சி ஒட்டும். ஆட்டக்காரர்கள் மூன்றே பேர் என்றால் ஒரு காப்ளினைக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் சண்டையே புதியவர்களைச் சாய்த்துவிடும். ஊர்ப்பெயரை மாற்றுவது சுலபம். முக்கியம், இந்தக் கதையில் காணாமல்போகும் ஒரு குள்ளர். முந்தைய ஆட்டங்களில் உங்கள் நண்பர்களுக்குச் சோறு போட்டவராக அவரை ஆக்குங்கள். பிறகு யாரும் சொல்லாமலே தேடிக் கிளம்புவார்கள்.