கட்டங்களில் ஓடும் புள்ளி: பேசிக் மொழியில் அசைவுப்படம்

திரைப்படத்தில் வினாடிக்கு 24 அசையாப் படங்கள் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. கண் அவற்றை ஒரே இயக்கமாகக் கொள்கிறது. கணிப்பொறித் திரையில் தோன்றும் அசைவும் இவ்வகையினதே. ஒரு கட்டத்தில் குறியை எழுதுதல், அதனை அழித்தல், அடுத்த கட்டத்தில் எழுதுதல் ஆகிய மூன்றுமே அதன் அடிப்படைச் செயல்கள்.

பொறியின் எல்லை

பேசிக் மொழியை 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகிய இருவரும் உருவாக்கினர். இந்தியாவில் 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ பொறியிலும் இம்மொழியே வழங்கியது. இம்மொழியை மிகக் குறைந்த வசதிகளுடன் அளித்த பொறிகளுள் ஒன்று, 1981இல் பிரிட்டனில் வெளிவந்த சின்கிளேர் இசட்எக்ஸ்81 ஆகும். இன்று அப்பொறி கிடைக்காவிடினும், அதனைப் போலச் செயற்படும் நிரல்களைச் சாதாரணக் கணிப்பொறிகளில் இயக்கலாம்.

அதன் திரை 32 பத்திகளும் 24 வரிசைகளும் கொண்டது. கீழ் இரு வரிசைகள் கட்டளை இடுவதற்கு ஒதுக்கப்பட்டவை; எனவே படத்திற்கு எஞ்சுபவை 22 வரிசைகளே. பொறியின் நினைவகம் 1024 பைட்டுகள் மட்டுமே. திரை முழுவதையும் நிரப்பினால் 768 பைட்டுகளுக்கு மேல் அதற்கே செலவாகிவிடும். ஆகவே ஒரே வரிசையில் ஓடும் புள்ளியிலிருந்து பாடத்தைத் தொடங்குவதே ஏற்றது.

நிரல்

கீழ்வரும் நிரலில் 'ப' என்பது பத்தி எண். 'ந' என்பது நகர்வு. 'ம' என்பது முந்தைய இடம். கட்டளைச் சொற்களும் பெயர்களும் விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளில் இடப்படும்.

10 லெட் ப = 0
20 லெட் ந = 1
30 பிரிண்ட் அட் 10, ப; "*"
40 லெட் ம = ப
50 லெட் ப = ப + ந
60 இஃப் ப = 0 ஆர் ப = 31 தென் லெட் ந = -ந
70 பிரிண்ட் அட் 10, ம; " "
80 கோட்டு 30

70ஆம் வரியை நீக்கினால் புள்ளி ஓடாது, கோடாக நீளும். அழித்தலின் தேவையை மாணவர் இதனால் நேரில் உணர்வர். அழிக்கும் வரி, கணக்கிடும் வரிகளுக்குப் பின் நிற்பதையும் கவனிக்க. பொறி கணக்கிடும் நேரமெல்லாம் புள்ளி திரையில் நிற்கிறது. அழித்த உடனே அடுத்தது எழுதப்படுகிறது. இம்முறையை மாற்றி, எழுதியவுடன் அழித்தால் புள்ளி பெரும்பாலான நேரம் மறைந்தே இருக்கும்; திரை மினுங்கும்.

மறைந்திருக்கும் பிழை

மேற்கண்ட நிரல் பிழையின்றி ஓடும். ஆயினும் வேகம் வேண்டி 20ஆம் வரியில் 1க்குப் பதிலாக 2 என இட்டால், புள்ளி 28, 30 எனச் சென்று 31ஐத் தொடாமலே 32க்குத் தாவும். அவ்வாறு ஒரு பத்தி இல்லாமையால் பொறி பிழைக்குறி காட்டி நின்றுவிடும். எல்லையைத் தொட்டபின் திரும்புவது என்ற விதியே இங்குத் தவறு. இருளில் நடப்பவன் காலை ஊன்றுமுன் தடவிப் பார்ப்பதுபோல், நகருமுன் அடுத்த இடத்தைச் சோதித்தல் வேண்டும்:

50 இஃப் ப + ந < 0 ஆர் ப + ந > 31 தென் லெட் ந = -ந
60 லெட் ப = ப + ந

இப்போது 30இல் நிற்கும் புள்ளி, அடுத்தது 32 எனக் கண்டு, 28க்குத் திரும்பும்.

ஆசிரியர்க்கு

பொறி ஒன்றாகவும் மாணவர் பலராகவும் உள்ள இடங்களில், முதலில் கட்டத்தாளில் 32 பத்திகள் வரையச் செய்க. ஒரு மாணவர் வரி எண்களை வரிசையாகப் படிக்க, மற்றொருவர் ப, ந, ம ஆகியவற்றின் மதிப்புகளைக் கரும்பலகையில் எழுத, மூன்றாமவர் ஒரு புளியங்கொட்டையைத் தாளில் நகர்த்தட்டும். பிழை எந்த வரியில் பிறக்கிறது என்பதைப் பொறியின் துணையின்றியே அவர்கள் கண்டுகொள்வர்.

பயிற்சி

1. முதல் நிரலில் 10ஆம் வரியில் ப = 31 எனத் தொடங்கினால் என்ன நிகழும்? திருத்திய நிரலில் என்ன நிகழும்?
2. வரிசைக்கும் தனி நகர்வு அளித்து, 0 முதல் 21 வரை எல்லையிட்டு, புள்ளியைச் சாய்வாக ஓடச் செய்க.