சேசு சபையினர் நடந்த பாதை: யாருக்கு எந்த வழி?

தெற்குச் சிலியின் ஏரிகளுக்கும் எரிமலைகளுக்கும் நடுவே சில நாள் நடக்க ஆசைப்படும் கல்லூரி மாணவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். பலர் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்பது என் வருத்தம். பாதிப் பேர் ஒசோர்னோ எரிமலை உச்சியில் நண்பன் எடுத்த படத்தைப் பார்த்தவர்கள். மற்றவர்களுக்கு, பயந்துபோன பெற்றோர் படகுப் பயணத்துக்குப் பணம் கட்டியிருப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று யாருமே யோசிப்பதில்லை.

படகுப் பயணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோதோஸ் லோஸ் சாந்தோஸ் ஏரியைக் கடந்து, படகும் பேருந்துமாக மாறி மாறி ஆண்டீஸைத் தாண்டி, அர்ஜென்டினாவின் பாரிலோச்சேயில் இறங்கலாம். ஒரே நாளில் முடிந்துவிடும். தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு அருமையான ஏற்பாடு.

ஒசோர்னோவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. உயரம் 2652 மீட்டர். நம் தொட்டபெட்டா 2637 மீட்டர். அதன் உச்சி வரை வண்டி போகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஒசோர்னோ கிட்டத்தட்டக் கடல்மட்டத்திலிருந்து எழுந்து நிற்கும் மலை. அதன் மேற்பகுதி முழுக்கப் பனியாறு. பனிக்கு அடியில் ஆள் விழுந்தால் தெரியாத பிளவுகள். காலணியில் இரும்பு முள் கட்டி, பனிக்கோடரி பிடித்து, ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைந்து ஏற வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் இருட்டிலேயே புறப்பட வேண்டும். பசிபிக்கிலிருந்து மேகம் வந்தால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பத்தான் வேண்டும். ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த இருபது வயதுப் பிள்ளைக்கு அப்படித் திரும்ப மனம் வராது. எனக்குள்ள பயமே அதுதான். ஒரு காலைப்பொழுது சொல்லிக்கொடுத்தால் பனியில் நடக்கும் பழக்கம் வந்துவிடாது. உத்தரகாசி மலையேற்றப் பள்ளி போன்ற இடத்தில் முறையாகப் பயின்றவர்கள் தாராளமாக ஏறட்டும். மற்றவர்கள் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். ஒசோர்னோவின் அழகு கீழே இருந்து பார்ப்பவர்களுக்குத்தான். 1835 ஜனவரியில் அது நெருப்புக் கக்கியதை டார்வின் சீலோவே தீவிலிருந்துதான் பார்த்தார். உச்சிக்குப் போகிறவர் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே போகிறார்.

என் மனம் சாய்வது ரலூனிலிருந்து கயுத்துவே வழியாகப் போகும் பழைய பாதைக்கு. நிக்கோலாஸ் மஸ்கார்தி என்ற இத்தாலியச் சேசு சபைக் குரு 1670-இல் ஆண்டீஸுக்கு அப்பாலுள்ள நவேல் உவாப்பி ஏரிக்கரையில் மிஷன் தொடங்கினார். சீலோவேக்குப் பிடித்துவரப்பட்டிருந்த போயா பழங்குடி மக்களை விடுவித்து, அவர்களோடுதான் மலை தாண்டினார். சபையார் பலகைகளைத் தைத்துக் கட்டிய 'தால்க்கா' படகில் கடற்கழி வழியே ரலூன் வருவார்கள். காட்டில் நடந்து தோதோஸ் லோஸ் சாந்தோஸ் ஏரியை அடைந்து, அங்கே மறுபடி படகேறுவார்கள். மஸ்கார்தி சில ஆண்டுகளில் கொல்லப்பட்டார். மிஷனும் 1717-இல் எரிந்தது. பாதை மட்டும் இருக்கிறது.

வழிகாட்டியோடு இங்கே நான்கைந்து நாள் நடக்கலாம். கயுத்துவே குளத்தருகே ஒரு இரவு, படகில் ஏரியின் எதிர்க்கரை, பிறகு எல் கயாவோ வெந்நீர் ஊற்று. கூர்முனை புந்தியாகுதோ எரிமலை பக்கத்திலேயே நிற்கும். சேறும் மழையும் நிறைய. ஆனால் கயிறோ பனிக்கோடரியோ வேண்டாம். தினமும் ஐந்தாறு மணி நேரம் சலிக்காமல் நடக்கத் தெரிந்தால் போதும். த்ரொனாதோர் மலைக்குத் தெற்கே போகும் வூரிலோச்சே கணவாய் இதைவிடக் கடினம். 1715-இல் குயெல்மோ என்ற குரு கண்டறிந்த குறுக்குவழி அது. கயுத்துவேயை நடந்து முடித்த பிறகு அதை யோசிக்கலாம்.

தம்பி, தங்கச்சி, உங்கள் உடம்பை உங்களுக்குத்தான் தெரியும். வேகமாக ஏறுகிறவர்களில் பலரால் மூன்றாம் நாள் மழையில் பொறுமையாக நடக்க முடிவதில்லை. மெதுவாக நடக்கும் பிள்ளை ஐந்தாம் நாளும் அதே நடையில் வருவதைப் பார்த்திருக்கிறேன். படிப்போ வேலையோ, எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதே கணக்குதான். பெற்றோரும் "பயமா இருக்கு" என்பதோடு நிறுத்தாமல், பிள்ளையோடு வார இறுதிகளில் மழையில் நடந்து பார்க்கட்டும்.

போவதென்றால் மார்ச்சில் போங்கள். ஜனவரியில் 'தாபானோ' என்ற பெரிய குதிரை ஈக்கள் மொய்க்கும். கறுப்பு, நீல உடைகளைத்தான் அவை தேடி வரும். சுமைக்குக் குதிரை வைத்திருக்கும் உள்ளூர் ஆளாகப் பாருங்கள். தோதோஸ் லோஸ் சாந்தோஸ் ஏரியைச் சுற்றிச் சாலை கிடையாது. காற்று பலமாக அடித்தால் படகும் வராது. ஒரு நாளாவது கூடுதலாக விட்டு விமானச் சீட்டை எடுங்கள்.