நிலத்தின் கீழே செல்வம், நிலத்தின் மேலே வறுமை

"எங்கள் நாட்டிலும் எண்ணெய் கிடைத்தால் எங்களுக்கு இந்தக் கஷ்டம் இருக்குமா?" கிராமக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. ஆனால் எண்ணெயும் செம்பும் வைரமும் நிறைந்த நாடுகள் பலவற்றின் மக்கள் இன்றும் வறுமையில்தான் வாழ்கிறார்கள். இது ஏன் என்பதை ஆபிரிக்காவின் மூன்று நாடுகளைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்: செம்பு விளையும் சாம்பியா, எண்ணெய் வளமுள்ள நைஜீரியா, வைரம் கிடைக்கும் பொட்ஸ்வானா.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனதில் இருத்திக்கொள்வோம். வயல் ஒவ்வொரு போகமும் விளைகிறது. சுரங்கமோ ஒருமுறைதான் விளையும். தோண்டியெடுத்த செம்பு மறுபடி முளைப்பதில்லை. ஆகவே கனிப்பொருளை விற்று வரும் பணத்தை விளைச்சல் காசு என்று எண்ணாமல், காணி விற்ற காசு என்று எண்ணுவதே பொருத்தமாகும். காணி விற்ற குடும்பம் அந்தக் காசில் கிணறு வெட்டலாம், பிள்ளைகளைப் படிப்பிக்கலாம், வேறு காணி வாங்கலாம். அல்லது இரண்டு வருடம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பின்னர் கூலி வேலைக்குப் போகலாம். நாடுகளும் அப்படியே.

1. விலை ஏறும்போது செலவு, இறங்கும்போது கடன்: சாம்பியா

சாம்பியா 1964இல் சுதந்திரம் பெற்றபோது அதன் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு செம்பிலிருந்தே வந்தது. அப்பணத்தில் ஜனாதிபதி கென்னத் கவுண்டாவின் அரசு பாடசாலைகளையும் மருத்துவமனைகளையும் கட்டியது. சுரங்கங்களின் 51 வீதப் பங்கையும் அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் செம்பின் விலையைத் தீர்மானிப்பது சாம்பியா அன்று. தூர தேசத்துச் சந்தைகள். 1974இன் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்ட விலை, அவ்வாண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. பெற்றோலிய விலையோ அதே காலத்தில் பலமடங்கு ஏறியது.

விலை மீண்டும் ஏறும் என்ற நம்பிக்கையில் அரசு கடன் வாங்கியது. விலை ஏறவில்லை, கடன் ஏறியது. கடன் கொடுத்தோரின் நிபந்தனைக்காக மக்களின் அன்றாட உணவான சோளமாவின் மானியம் வெட்டப்பட்டது. 1986 டிசெம்பரிலும் 1990 யூனிலும் சோளமா விலையேற்றத்தை எதிர்த்துக் கலவரங்கள் மூண்டன, உயிர்கள் பலியாயின. 1991இல் மக்கள் வாக்களித்துக் கவுண்டாவின் ஆட்சியை மாற்றினார்கள்.

அதன்பின் நட்டத்தில் ஓடிய சுரங்கங்கள் வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களுக்குப் பெரும் சலுகைகள் வழங்கப்பட்டன. சில ஒப்பந்தங்களின்படி அரசுக்குக் கிடைத்த உரிமைப் பணம் 0.6 வீதம் மட்டுமே. அதாவது, நூறு ரூபாவுக்குச் செம்பு வெளியே போனால், மண்ணுக்குச் சொந்தக்காரருக்குக் கிடைத்தது அறுபது சதம். சில வருடங்களில் செம்பு விலை மிக உயர்ந்தபோது, அந்த உயர்வின் பயன் பெரும்பாலும் கம்பனிகளுக்கே போய்ச் சேர்ந்தது.

2005, 2006ஆம் ஆண்டுகளில் சாம்பியாவின் பழைய கடன்களில் பெரும்பகுதி தள்ளுபடி செய்யப்பட்டது. ஆனால் 2012இலிருந்து 2015வரை அரசு மூன்று தடவை சர்வதேசச் சந்தையில் முறிகளை விற்று மொத்தம் 300 கோடி டொலர் கடன் பெற்றது. வேறிடங்களிலும் கடன் வாங்கியது. 2020 நவம்பரில் வட்டியைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. இலங்கையும் 2022இல் இவ்வாறே கைவிரித்ததை வரிசைகளில் நின்ற நாம் மறந்திருக்க மாட்டோம். வரவு நிச்சயமில்லாதவர், வட்டி நிச்சயமான கடனை வாங்கினால் முடிவு எங்கும் ஒன்றுதான்.

2. கமம் கைவிடப்பட்ட கதை: நைஜீரியா

சாம்பியா விலை வீழ்ந்ததால் கெட்டது. நைஜீரியா விலை உயர்ந்ததால் கெட்டது எனலாம். இதைக் கமக்காரர்களாகிய நாம் கவனமாகப் படிக்க வேண்டும்.

எண்ணெய்க்கு முன் நைஜீரியா நிலக்கடலை, கொக்கோ, பாம் எண்ணெய் ஆகியவற்றை உலகுக்கு விற்ற நாடு. வடக்கே கானோ நகரில் நிலக்கடலை மூட்டைகள் கோபுரங்களாக அடுக்கப்பட்டிருக்கும். 1956இல் ஒலொய்பிரி என்ற கிராமத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1970களில் எண்ணெய் விலை உயர, டொலர் வந்து குவிந்தது. கானோவின் கடலைக் கோபுரங்கள் காலப்போக்கில் மறைந்தன.

இது எப்படி நடக்கிறது? டொலர் குவியும்போது அந்நாட்டு நாணயத்தின் பெறுமதி உயர்கிறது. அப்போது வெளிநாட்டு அரிசியும் கோதுமையும் சந்தையில் மலிந்துவிடும். உள்ளூர் விளைபொருளைக் கட்டுப்படியான விலைக்கு விற்க முடியாது. நகரத்துக் கட்டிட வேலையில் கூலி அதிகம் என்பதால் இளைஞர் வயலை விட்டுப் போகிறார்கள். அரசுக்கும் எண்ணெய்ப் பணம் போதும், கமக்காரர் தேவையில்லை. எனவே குளமும் வாய்க்காலும் கவனிப்பாரற்றுப் போகின்றன. பொருளியலாளர் இதை 'ஒல்லாந்து நோய்' என்பர். ஒல்லாந்தில் 1959இல் பெருமளவு இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டபின் அங்கே மற்றைய தொழில்கள் நலிந்ததால் வந்த பெயர் அது.

எண்ணெய் எடுக்கப்பட்ட நைஜர் கழிமுகத்தில் வயல்களிலும் மீன்பிடி நீரிலும் எண்ணெய் கசிந்தது. இதை எதிர்த்து ஒகோனி மக்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சரோ-விவாவும் வேறு எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10ஆந் திகதி இராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார்கள். ஒகோனி நிலத்தைத் துப்புரவாக்க 25 முதல் 30 வருடங்கள் வரை ஆகலாம் என ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிறுவனம் 2011இல் அறிவித்தது.

3. கணக்கு வைத்த நாடு: பொட்ஸ்வானா

பொட்ஸ்வானா 1966இல் சுதந்திரம் பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்று. தார் போட்ட வீதி சுமார் 12 கிலோமீற்றர்தான் இருந்தது. அடுத்த ஆண்டு ஒராப்பா என்னுமிடத்தில் வைரம் கிடைத்தது.

அங்கே மூன்று காரியங்கள் சரியாக நடந்தன. முதலாவது, கனிப்பொருள் எந்த ஓர் இனக்குழுவுக்கும் சொந்தமன்று, முழு நாட்டுக்கும் சொந்தம் என்ற சட்டம் 1967இலேயே வந்தது. முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் பிரதேசத்திலேதான் ஒராப்பா இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாவது, சுரங்கக் கம்பனியுடன் அரசு திரும்பத் திரும்பப் பேரம் பேசித் தன் பங்கை 15 வீதத்திலிருந்து 50 வீதமாக உயர்த்தியது. மூன்றாவது, வைரப் பணத்தைப் பாடசாலை, வீதி, குடிநீர், மருத்துவம் போன்ற நிலைத்து நிற்கும் தேவைகளில் இடுவதை அரசு கொள்கையாகக் கொண்டது. மிச்சப் பணத்தைப் பிற்சந்ததிக்காகச் சேமிக்க 1994இல் 'பூலா நிதியம்' தொடங்கப்பட்டது. பூலா என்பது அவர்கள் மொழியில் மழை.

ஆயினும் இங்கும் ஒரு குறை உண்டு. வைரத்துக்கு அடுத்த தொழில் ஒன்றை நாடு போதியளவு வளர்க்கவில்லை. ஆய்வுகூடத்தில் செய்யப்படும் வைரங்கள் மலிவாக வரத் தொடங்கியதும் இயற்கை வைரத்தின் விற்பனை விழுந்தது. 2024இல் பொருளாதாரம் சுருங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் தேர்தலில், சுதந்திரம் முதல் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி தோற்றது. 2025 ஓகஸ்டில் மருந்துத் தட்டுப்பாடு காரணமாகப் புதிய ஜனாதிபதி டூமா போக்கோ பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவிக்க நேர்ந்தது.

4. கணக்கில் சேராதவர்கள்

நாட்டின் கணக்கு சரியாக இருந்தாலும் சிலர் அதில் விடுபட்டுப் போகலாம். பொட்ஸ்வானாவின் மத்திய கலஹாரியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சான் மக்களை அரசு 1997இலும் 2002இலும் வெளியேற்றி, மீள்குடியேற்ற முகாம்களில் இருத்தியது. வனவிலங்குப் பாதுகாப்பும் மக்களுக்கான வசதிகளுமே காரணம் என்றது அரசு. வைரமே காரணம் என்றார்கள் மக்கள். அவர்கள் வழக்காடினார்கள். வெளியேற்றம் சட்டவிரோதமானது என 2006 டிசெம்பரில் தீர்ப்பு வந்தது. திரும்பிச் சென்றோருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது. மீண்டும் வழக்காடி, 2011இல் குழாய்க் கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையையும் பெற்றார்கள். சொந்த மண்ணை விட்டு நிற்கும் எமக்கு இந்தச் செய்தியின் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

சாம்பியாவிலும் 2025 பெப்ரவரியில் ஒரு செம்புச் சுரங்கத்தின் கழிவுநீர் அணை உடைந்து, அமிலக் கழிவு கஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்தன, ஆற்றோரப் பயிர்கள் கருகின. செம்பு விற்ற பணம் தலைநகரின் கணக்கில் ஏறும். கருகிய சோளம் எந்தக் கணக்கில் ஏறும்?

5. இனிவரும் காலம்

மின்சார வாகனங்களுக்கும் சூரிய, காற்று மின்நிலையங்களுக்கும் செம்பு ஏராளமாகத் தேவைப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 8 இலட்சம் தொன் எடுத்த சாம்பியா, அதை 30 இலட்சமாக்கத் திட்டமிட்டுள்ளது. ஆனால் 2024இன் கடும் வரட்சியில் சோள வயல்களில் ஏறத்தாழப் பாதி அழிந்தது. கரீபா நீர்த்தேக்கம் வற்றி மின்சாரமும் குன்றியது. வயலும் நீரும் இல்லாமல் செம்பு மட்டும் நாட்டைக் காப்பாற்றாது என்பது தெளிவாகிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. சாம்பியாவில் 2021இலும் பொட்ஸ்வானாவில் 2024இலும் மக்கள் வாக்கினால் ஆட்சியை அமைதியாக மாற்றினார்கள். சாம்பியா 2022இல் அரச பாடசாலைகளில் இடைநிலைக் கல்வி முடியும்வரை கட்டணத்தை நீக்கியது. லுசாக்கா நகரில் இயேசு சபையினர் நடத்தும் ஆய்வு நிலையமொன்று, ஒரு குடும்பம் மாதத்தை ஓட்ட எவ்வளவு பணம் வேண்டும் என்று சந்தை விலைகளைக் கேட்டறிந்து வெளியிட்டு வருகிறது. அரசு சொல்லும் வளர்ச்சி வீதத்தை, சோளமாவின் விலையோடு வைத்துப் பார்க்க மக்களுக்கு அது உதவுகிறது. எமது சங்கங்களும் இதைச் செய்யலாம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது பிரதேசத்தின் மணல், கல், நீர், கடல் ஆகியவற்றை யார் எடுக்கிறார்கள்? அதன் பணம் எங்கே போகிறது?

2. நிவாரணமோ நட்டஈடோ வெளிநாட்டுப் பணமோ கையில் வரும்போது, அதில் எவ்வளவு சாப்பாட்டுக்குப் போகிறது? நிலைத்து நிற்கும் எதற்காவது எவ்வளவு போகிறது?

3. சான் மக்கள் ஒன்றுசேர்ந்து வழக்காடியதால்தான் வென்றார்கள். எமது காணி உறுதிகள், அனுமதிப் பத்திரங்களின் பிரதிகளைச் சங்கத்தில் ஒருமித்துச் சேகரித்து வைப்பது பற்றி என்ன முடிவு எடுக்கலாம்?