காற்றாலை வந்தது, சங்கம் வரவில்லை

சமூக மின்திட்டம் என்பது ஓர் ஊர் மக்கள் தாங்களே முதல் போட்டு, காற்றிலோ வெயிலிலோ ஓடும் நீரிலோ மின்சாரம் எடுத்து, வரவு செலவைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. இதில் இயந்திரம் ஒரு பாதி. அதைக் கப்பலில் ஏற்றி எங்கும் இறக்கலாம். பங்கு, கடன், கட்டணம், கணக்கு, பொறுப்பு ஆகியவை மறு பாதி. அந்தப் பாதி பிறந்த நாட்டின் சட்டத்திலும் பழக்கத்திலும் வேர் விட்டிருக்கும். ஒரு நாட்டில் செழித்த திட்டம் இன்னொரு நாட்டில் படுத்துவிடும்போது, கோளாறு பெரும்பாலும் இந்த மறு பாதியில்தான் இருக்கிறது.

இதற்குத் தமிழ்நாடே நல்ல சான்று. டென்மார்க்கில் 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து காற்றாலை வாங்கத் தொடங்கின. தொடக்க காலத்தில், பங்குதாரர் அதே வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும், வீட்டுச் செலவை ஒட்டிய அளவே பங்கு எடுக்கலாம் என்ற விதிகள் இருந்தன. அந்த மரபில் வந்ததுதான் கோபன்ஹேகன் கடலோரத்தில் 2000இல் எழுந்த மிடில்குரூண்டன் காற்றாலைப் பண்ணை. அதில் 20 காற்றாலைகள். பாதி, சுமார் 8,500 பேர் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம்.

அதே டென்மார்க்கின் உதவியோடு 1990ஐ ஒட்டிக் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் எழுந்தன. இயந்திரம் வந்தது, சங்கம் வரவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் காற்றாலை வாங்கியவர்களில் பெரும்பங்கு நூற்பாலைக்காரர்களும் பிற தொழிலதிபர்களும்தான். காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அன்றைய வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தது. மின்வெட்டுக் காலத்தில் சொந்த மின்சாரமும் கிடைத்தது. டென்மார்க்கில் ஊர்ச் சொத்தாக இருந்த அதே பொருள் இங்கே வரிக் கணக்கின் ஒரு வரியாயிற்று. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எந்தச் சட்டம் யாருக்குச் சலுகை தருகிறதோ அவர் கைக்கே பொருள் போய்ச் சேரும்.

இயந்திரமும் அப்படியே பொருந்திவிடவில்லை. டென்மார்க்கில் குளிர்காலத்தில் காற்று வலுக்கும். இங்கே மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாக மொத்தமாக வீசி ஓய்ந்துவிடுகிறது. காற்றுள்ள மாதத்து யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்துக் காற்றில்லா மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ ஏற்பாடு இல்லையென்றால் தமிழ்நாட்டுக் காற்றாலைத் தொழில் இந்த அளவு வளர்ந்திருக்காது. அன்றைய காற்றாலை ஜெனரேட்டர்கள் இயங்கத் தேவையான காந்தப்புலத்துக்கே மின்கம்பியிலிருந்து ரியாக்டிவ் பவர் இழுப்பவை. கிராமத்துக் கம்பி அதைத் தாங்காது. அதை ஈடுகட்டும் கெபாசிட்டர் பழுதானால் வோல்டேஜ் இறங்கும்.

சங்கம் வராத இடத்தில் ஒரு பஞ்சாயத்து அந்த வேலையைச் செய்து காட்டியது. மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி, தலைவர் ஆர். சண்முகத்தின் காலத்தில், 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஆண்டுக்குக் கிடைத்தது சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் தேவை 4.5 லட்சம், மிச்சம் மின்வாரியத்துக்கு. கவனிக்க வேண்டியது காற்றாலை நின்ற இடம். அது ஓடந்துறையில் இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம், காற்றடிக்கும் மைவாடியில் இருந்தது. பங்குதாரர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்ற டேனிஷ் விதியை ஓடந்துறை தலைகீழாக்கியது. காற்றில்லாத ஊரும் காற்றாலை வைத்திருக்கலாம். யூனிட்டைக் கொண்டுவந்து சேர்க்கக் கம்பி இருக்கிறது. வெளிநாட்டுத் திட்டத்தை உள்ளூருக்கு மாற்றுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடினாலும் அரிது.

பீகாரின் தர்ணை கிராமம் எதிர்ப்பக்கத்துப் பாடம். பல்லாண்டு காலம் மின்சாரம் இல்லாத அந்த ஊரில் 2014இல் 100 கிலோவாட் சூரிய மின் கட்டமைப்பு பேட்டரியோடு அமைந்தது. சிறிது காலத்தில் அரசுக் கம்பியும் வந்தது, குறைந்த கட்டணத்தோடு. பேட்டரிகள் ஓய்ந்தபின் திட்டமும் ஓய்ந்தது. இலங்கை மலைக் கிராமங்களில் ஓடை நீரில் சின்ன டர்பைன் ஓட்டி, மின் நுகர்வோர் சங்கம் வைத்துப் பல ஆண்டு விளக்கெரித்தவர்களில் பலரும் தேசியக் கம்பி வந்ததும் கைவிட்டார்கள். தனித் தீவாக அமையும் எந்தத் திட்டமும், கம்பி வரும் நாளில் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாடங்களை ஆரம்பாக்கத்தில் பொருத்திப் பார்க்கலாம். அது தமிழ்நாட்டின் வட எல்லை. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் அடுத்த ஊர் ஆந்திரத்தின் தடா. கம்பி எப்போதோ வந்துவிட்டது. கணவாய்க் காற்று இங்கே இல்லை; வெயில் இருக்கிறது. ஜெர்மனி பக்கத்துக் கையேட்டை வைத்து இங்கே பேனல் போட்டால் முதலில் தவறுவது சாய்வு. அங்கே 30 டிகிரிக்கு மேல் சாய்ப்பார்கள், ஏறக்குறைய 13.5 டிகிரி அட்சரேகையில் உள்ள இந்த ஊருக்கு 10 முதல் 15 போதும். அவ்வளவு சாய்த்து நிறுத்திய பேனல் புயலில் பாய்மரமாகும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் இந்தக் கடற்கரையை அடித்தபோது இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சாய்வு குறைந்தால் வேறு தொல்லை. இதை எழுதுபவரின் மொட்டை மாடியில் விடியற்காலைப் பனி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உருக்காலைத் தூசி, நெடுஞ்சாலைப் புழுதி, பழவேற்காட்டு ஏரியிலிருந்து வரும் உப்புக் காற்று எல்லாம் கலந்து வழிந்து, பேனலின் கீழ்ச் சட்டத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சேறாகப் படிகிறது. பார்க்கச் சிறிய கோடு. கீழ்வரிசை செல்களை மறைத்து அந்தப் பகுதி முழுவதன் உற்பத்தியையும் இழுத்துவிடும். காய்ந்தபின் வெறும் தண்ணீருக்குப் போகாது. வெயில் ஏறுமுன், கண்ணாடி சுடுவதற்குள், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொடும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறைவதால், ஏழில் ஒரு பங்கு வெப்பத்துக்கே போகிறது. அடியில் காற்றோட்டம் விட்டுக் கட்டுவது இங்கே மிக அவசியம். துருப்பிடிக்கும் போல்ட்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவதும் அப்படியே.

அடுத்தது கட்டணம். குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் 6 விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய சூரியப் பாசனக் கூட்டுறவு 2016 முதல் மிச்ச மின்சாரத்தை விநியோக நிறுவனத்துக்கு விற்றது. அவர்கள் முன்பு டீசல் மோட்டார் ஓட்டியவர்கள். டீசல் செலவு நின்றதே முதல் லாபம். ஆரம்பாக்கம் உள்ள கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இலவச விவசாய இணைப்பு உள்ள நெல் விவசாயிக்கு நிறுத்த டீசலும் இல்லை, குறைக்கப் பில்லும் இல்லை. வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம்; சிறு குடும்பத்துக்குப் பேனல் மிச்சப்படுத்தித் தருவது சொற்பம். இங்கே சமூக மின்திட்டத்தின் கணக்கு தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், பள்ளி, ஐஸ் தயாரிப்பு போன்ற பில் கட்டும் இடங்களிலிருந்து தொடங்க வேண்டும். ஓடந்துறை தொடங்கியதும் ஊராட்சியின் பில்லிலிருந்துதான்.

சமூகம் என்பது யார் என்பது எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. பழவேற்காட்டு மீனவர்களுக்குப் ‘பாடு’ முறை தெரியும்: ஏரியில் வலைவிடும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்வார்கள். பொதுச் சொத்தைப் பிரித்துக்கொள்ளும் பயிற்சிக்கு டென்மார்க் போக வேண்டியதில்லை. அதே பாடு, பிறப்பால் உரிமை பெற்றவர்களுக்கு மட்டும் திறந்த கதவு என்பதும் உண்மை. வெளியே நிறுத்தப்பட்டவர்களோடு பூசல்கள் நடந்திருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகள் நிறைய. அவர்களுக்குக் கூரை சொந்தமில்லை, மின் இணைப்பும் சொந்தமில்லை. வீட்டுக்காரர் வைத்த சப்மீட்டரைப் பார்த்து அவர் சொல்லும் விலையைக் கொடுக்கிறார்கள். இலவச யூனிட்டும் பல இடங்களில் அவர்களை எட்டுவதில்லை. 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, கூரை உள்ளவருக்கு. ஊரில் அதிகம் உழைத்து அதிக விலைக்கு மின்சாரம் வாங்குபவரை விட்டுவிட்டு அமைக்கும் சங்கத்தை ஊர்ச் சங்கம் என்று அழைப்பது நியாயமில்லை.

வழி இல்லாமலில்லை. ஓரிடத்துப் பேனலின் யூனிட்டைப் பல வீட்டுப் பில்களில் பிரித்து வரவு வைக்கும் முறையை டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே அனுமதித்தது. கூரை இல்லாதவரும் அதில் பங்கு எடுக்கலாம். இதைப் பெயர்த்து நடுவதற்கு முன் மாநில ஆணையத்தின் நடப்பு உத்தரவையும் கட்டண அட்டவணையையும் கையில் வைத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். ஆரம்பாக்கத்தில் கிடைக்கும் பதில் தடாவுக்குச் செல்லாது. அங்கே நிறுவனம் வேறு, கட்டணம் வேறு, பில்லும் மாதந்தோறும் வரும்; கேள்வியைப் புதிதாகத் தெலுங்கில் கேட்க வேண்டும்.