எல்லை ஆற்றில் மீன்பிடி உரிமம்

நார்வே, பின்லாந்து நாடுகளின் எல்லையாக நெடுந்தொலைவு ஓடும் தேனோ ஆறு, அட்லாண்டிக் சால்மன் மீனுக்குப் பெயர் பெற்றது. நார்வேயில் இதனைத் தானா என்பர். கரையோரச் சாமி இனத்தவர்க்கு இம்மீன் வாழ்வாதாரம். தூண்டிலுடன் வரும் பயணிகளுக்குப் பொழுதுபோக்கு.

கடலிலிருந்து நார்வே வழியே ஆற்றில் ஏறும் சால்மன், பின்லாந்தின் கிளையாறுகளிலும் முட்டையிடுகிறது. ஆகவே ஒரு நாடு மட்டும் விதிக்கும் கட்டுப்பாடு பயன் தராது; ஒன்று விட்டுவைப்பதை மற்றொன்று பிடித்துவிடக்கூடும். இதனாலேயே இரு அரசுகளும் உடன்படிக்கை வாயிலாகப் பொது விதிகளை வகுத்துள்ளன.

2016இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, வெளியூர்ப் பயணிகளின் உரிமங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. உள்ளூரார் மீன்பிடிப்பையும் குறைத்தது. கட்டண உயர்வு மட்டும் மீனைக் காக்காது. வசதி படைத்தோர் அதனையும் செலுத்துவர். எண்ணிக்கை வரம்பு மீன்பிடிப்பை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது.

தம் கருத்து உரியவாறு கேட்கப்படவில்லை எனச் சாமி மக்கள் எதிர்த்தனர். மீன்வளம் மேலும் குன்றவே, 2021இல் சால்மன் பிடிப்பே தடை செய்யப்பட்டது. பயணி வேறு ஆற்றை நாடலாம்; கரையோர மக்களுக்கு அவ்வாய்ப்பில்லை. வளம் குன்றியபின் வரும் முழுத் தடையைவிட, அம்மக்களைக் கலந்து முன்னரே விதிக்கும் அளவான வரம்பே சிறந்த நிர்வாகமாகும்.