விதிப் புத்தகத்தைக் கையில் எடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மழைநீர் வடிகால் பற்றி நீ எழுதிக் கொடுத்த தீர்மானம் அஜெண்டாவிலேயே ஏறவில்லை, தலைவர் மனது வைத்தால்தான் மன்றத்தில் எதுவும் நகரும், பிறகு நான் எதற்குக் கவுன்சிலர் என்று கேட்டிருக்கிறாய். கடைசி வரியில் ராஜினாமா என்றும் எழுதியிருக்கிறாய். அந்த முடிவுக்குப் போகுமுன் ஜார்ஜ் நாரிஸ் என்ற மனிதரைத் தெரிந்துகொள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்தவர். வெளியுலகில் அவர் பெயர் அதிகம் அடிபடவில்லை. ஆனால் சட்டமன்றத்திலோ நகர்மன்றத்திலோ உட்காரப் போகிற எவரும் படிக்க வேண்டிய வாழ்க்கை அது.

ஒஹையோவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1861இல் பிறந்தார். சிறுவயதிலேயே அப்பா போய்விட்டார். அண்ணனை உள்நாட்டுப் போர் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே படித்து வக்கீலானார். பிழைப்புத் தேடி நெப்ராஸ்காவுக்குப் போனார். அங்கே மாவட்ட நீதிபதியாக இருந்த காலத்தில் மழை பொய்த்து, கடன்பட்ட விவசாயிகளின் நிலமெல்லாம் ஏலத்துக்கு வந்தது. உழைத்துக் கடனைக் கட்டப் பார்க்கிறவன் என்று தெரிந்தால் அவனுக்கு அவகாசம் கொடுத்தார். 1903இல் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார், குடியரசுக் கட்சிக்காரராக.

அங்கே சபாநாயகர் ஜோசப் கேனன். அவரும் அதே கட்சி. எந்தக் குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் குழுவுக்கும் அவரே தலைவர். அவருக்குப் பிடிக்காத மசோதா சபைக்கு வராமலேயே செத்துப்போகும். நீ எழுதியிருக்கிற அதே நிலைமைதான், அளவுதான் பெரிது.

நாரிஸ் கத்தவில்லை, வெளிநடப்புச் செய்யவில்லை. விதிகள் குழுவைச் சபையே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் சபாநாயகருக்கு இடம் கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைக் கொண்டுவர ஒரு வாசல் திறக்க வேண்டுமே! 1910 மார்ச் மாதம் அது திறந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய ஒரு தீர்மானம் வரிசையை மீறி வந்தபோது, கணக்கெடுப்பு அரசியல் சட்டத்திலேயே சொல்லப்பட்டது, அதனால் அதற்கு முன்னுரிமை உண்டு என்றார்கள். மறுநாள், மார்ச் 17 அன்று, நாரிஸ் எழுந்தார். தன் நடைமுறை விதிகளைச் சபையே வகுத்துக்கொள்ளலாம் என்பதும் அரசியல் சட்டத்தில்தானே இருக்கிறது, அப்படியானால் என் தீர்மானத்துக்கும் முன்னுரிமை உண்டு என்று பையிலிருந்த காகிதத்தை நீட்டினார்.

சபை இரவெல்லாம் நடந்தது. கேனனின் ஆட்கள் வெளியூர் போன உறுப்பினர்களைத் திரட்ட நேரம் கடத்தினார்கள். 19ஆம் தேதி கேனன் தீர்மானம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். சபை அந்தத் தீர்ப்பையே வாக்கெடுப்பில் தள்ளியது. பிறகு தீர்மானம் 191க்கு 156 என்று நிறைவேறியது. இங்கே ஒன்றைக் கவனி. குழுவை எப்படி அமைப்பது என்பதில் நாரிஸ் முதலில் எழுதியது ஒன்று, கடைசியில் நிறைவேறியது வேறொன்று. எதிர்க்கட்சியின் வாக்குகள் வேண்டும் என்பதற்காகத் திருத்தத்துக்கு இணங்கினார். சபாநாயகர் குழுவில் இருக்கக் கூடாது என்ற உயிர்நாடியை மட்டும் விடவில்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

1913இல் செனட்டுக்குப் போனார். 1917இல், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குமுன், வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் பூட்டும் மசோதாவைச் சிலர் பேசிப் பேசியே முடக்கினார்கள்; அவர்களில் இவரும் ஒருவர். நாடே தூற்றியது. நாரிஸ் நெப்ராஸ்கா ஆளுநருக்கு எழுதினார்: என்னைத் திரும்ப அழைக்கலாமா என்று மக்களிடமே தேர்தல் வைத்துக் கேளுங்கள். ஆளுநர் மறுத்துவிட்டார். லிங்கன் நகரில் தானே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று மக்கள் முன் நின்று விளக்கினார். வசைபாட வந்த கூட்டம் என்று நண்பர்கள் பயந்திருந்தார்கள். கூட்டம் கைதட்டியது. அடுத்த மாதம் போர்ப் பிரகடனம் செனட்டில் 82க்கு 6 என்று நிறைவேறியபோது எதிர்த்த ஆறு பேரில் அவர் ஒருவர். அவர் எடுத்த முடிவைப் பற்றி இன்றும் வாதிடலாம். 1941இல் இரண்டாம் உலகப் போருக்கு ஆதரவாக அவரே வாக்களித்தார். ஆனால் வாக்களித்தவர்களிடம் ஒளியாமல் போய் நின்றாரே, அதற்காகவே நான் அவரைக் கும்பிடுகிறேன். 1918இல் மக்கள் அவரை மறுபடியும் அனுப்பினார்கள்.

அவருடைய பொறுமைக்கு எடுத்துக்காட்டு டென்னசி ஆறு. முதல் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்துக்காக அந்த ஆற்றின்மேல், அலபாமாவின் மஸில் ஷோல்ஸில், அரசு தொடங்கிய அணையையும் ஆலைகளையும் 1921இல் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு குத்தகைக்குக் கேட்டார். விவசாயக் குழுத் தலைவராக இருந்த நாரிஸ் குறுக்கே நின்றார்: ஆறு பொதுச்சொத்து, அதில் எடுக்கிற மின்சாரமும் பொதுவில் இருக்கட்டும். அந்த ஆற்றால் அவருடைய மாநிலத்துக்கு ஒரு சொட்டுப் பயனும் இல்லை. அவர் கொண்டுவந்த மசோதாவை 1928இல் அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திடாமல் சாகவிட்டார். 1931இல் அடுத்த அதிபர் ஹூவர் திருப்பியனுப்பினார். 1933 மே 18 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிறகுதான் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் பிறந்தது. அது கட்டிய முதல் அணைக்கு நாரிஸின் பெயர். அந்த அணைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசலை விட்டுப் போனதையும், தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊரில் கறுப்பினக் குடும்பங்களுக்கு இடம் தரப்படவில்லை என்பதையும் சேர்த்தே படி. நல்ல சட்டம் நிறைவேறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களால் இப்படித்தான் ஏழைகள் விடுபட்டுப்போகிறார்கள்.

மற்றவை பலவும் உண்டு. தேர்தலில் தோற்றவர்கள் மாதக்கணக்கில் சபையில் உட்கார்ந்து சட்டம் செய்ததை நிறுத்திய இருபதாவது அரசியல் சட்டத் திருத்தம், தொழிலாளிகளை நீதிமன்றத் தடையாணையால் மடக்குவதைக் கட்டுப்படுத்திய 1932ஆம் ஆண்டுச் சட்டம், கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோன 1936ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. 1930இல் அவரைக் கவிழ்க்க அதே பெயருள்ள ஒரு மளிகைக் கடைக்காரரை நிறுத்திய கதையும் உண்டு. நம் ஊர்த் தேர்தல்களைப் பார்த்த உனக்கு இது புதிதாக இராது. அந்தக் கடைக்காரரின் வேட்புமனு நேரம் தவறி வந்தது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

கட்சியை அவர் தலைமேல் வைத்துக்கொள்ளவில்லை. 1936இல் சுயேச்சையாகவே வென்றார். இது உனக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கட்சி இல்லாமல் உன் வார்டில் நீ ஜெயித்திருக்க மாட்டாய், அந்த நன்றி இருக்கட்டும். ஆனால் வடிகால் விஷயத்தில் கட்சி எது சொன்னாலும் நீ தெருவில் தேங்கி நிற்கும் தண்ணீரின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

1942இல், 81 வயதில், நெப்ராஸ்கா அவரைத் தோற்கடித்தது. இரண்டு ஆண்டுகளில், மெக்குக் என்ற தன் சிற்றூரில் காலமானார். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1934இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற ஒற்றை அவைச் சட்டமன்றம் இன்றைக்கும் நெப்ராஸ்காவில் நடக்கிறது.

ராஜினாமாவை எழுதாதே. நகராட்சிச் சட்டத்தையும் கூட்ட நடைமுறை விதிகளையும் வரிவரியாகப் படி. உன் தீர்மானத்தை முறைப்படி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வை. உன்னோடு ஒத்துப்போகிற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் வீடு தேடிப் போய்ப் பேசு. அதோடு, இந்த மாதமே உன் வார்டு மக்களைக் கூட்டி, இதுவரை என்ன செய்தாய், எங்கே தடைப்பட்டது என்று அவர்களிடம் சொல்.

அன்புடன்,
உன் பெரியப்பா