சமிபாட்டுத் தொகுதியும் ஓமோன்களும்

மாணவர்களே, அகஞ்சுரக்கும் சுரப்பிகளைப் பெயரிடுமாறு கேட்டால் கபச்சுரப்பி, தைரொயிட் சுரப்பி, அதிரீனல் சுரப்பி, சதையி என எழுதிவிடுவீர்கள். புள்ளியும் கிடைக்கும். ஆனால் இரைப்பையினதும் குடலினதும் சுவர்களிலும் ஓமோன்களைச் சுரக்கும் கலங்கள் பரந்து காணப்படுகின்றன என்பதைப் பலர் நினைப்பதில்லை. உண்மையில், முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஓமோனே குடலிலிருந்து பெறப்பட்டதுதான்.

1902 இல் இலண்டனில் பேலிஸ், ஸ்ராலிங் ஆகிய இருவரும் ஒரு நாயின் சிறுகுடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை வெட்டியகற்றினர். பின்னர் அப்பகுதிக்குள் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தைச் செலுத்தினர். நரம்புத் தொடர்பு இல்லாதபோதும் சதையி சாற்றைச் சுரந்தது. எனவே செய்தி குருதி வழியே சென்றிருக்க வேண்டும். இதனை உறுதிப்படுத்த, குடலின் உட்சுவரைச் சுரண்டி அமிலத்துடன் அரைத்து, வடித்தெடுத்த சாற்றை நாளத்தினுள் ஏற்றினர். சதையி மீண்டும் சுரந்தது. அப்பதார்த்தத்துக்கு செக்கிரிற்றின் எனப் பெயரிட்டனர். 'ஓமோன்' என்ற சொல்லை ஸ்ராலிங் பயன்படுத்தியது 1905 இலேயே. இப்பரிசோதனையை மனனம் செய்யாது, ஒவ்வொரு படியும் ஏன் செய்யப்பட்டது எனச் சிந்தித்துப் படியுங்கள்.

இனி உங்களையே எடுத்துக்கொள்வோம். காலை உணவின்றி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறுகிறீர்கள். சுமார் ஒரு மணிநேரப் பயணம். வெறும் இரைப்பை கிரெலின் என்னும் ஓமோனைச் சுரக்கிறது. அது குருதி வழியே மூளையை அடையப் பசி தோன்றுகிறது. உணவு உட்கொண்டதும் கிரெலின் குறைகிறது. உணவு சிறுகுடலை அடைந்ததும் அங்குள்ள கலங்கள் வேறு ஓமோன்களை வெளிவிடுகின்றன. இவற்றுள் ஜீ.எல்.பி.-1 முக்கியமானது. இது குருதியில் குளுக்கோசு உயரும்போது சதையியைத் தூண்டி இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது; இரைப்பை வெறுமையாவதையும் தாமதப்படுத்துகிறது. இதனாலேயே, குருதிக் குளுக்கோசு ஒரே அளவுக்கு உயர்ந்தாலும், குளுக்கோசை நாளத்தில் ஏற்றும்போது சுரப்பதைவிடக் குடிக்கும்போது அதிக இன்சுலின் சுரக்கிறது.

இங்கே குடலிலுள்ள பற்றீரியாக்களுக்கும் பங்குண்டு. தீவுப்பகுதி வீடுகளில் காய்ச்சும் ஒடியற் கூழை நினைத்துப் பாருங்கள். பனங்கிழங்கை அவிக்காது காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மா, பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை ஆகியவற்றில் நார்ப்பொருள் உண்டு. (மீனும் நண்டும் சுவைக்கும் புரதத்துக்கும் உதவும், நார்ப்பொருள் தரமாட்டா.) எமது நொதியங்களால் நார்ப்பொருளைச் சமிக்கச் செய்ய முடியாது. ஆனால் பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் அதில் ஒரு பகுதியை நொதிக்கச் செய்து சிறிய கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குடற்சுவர்க் கலங்களைத் தூண்டி ஜீ.எல்.பி.-1 ஐச் சுரக்கச் செய்கின்றன. நார்ப்பொருள் குறைந்த வெள்ளை மா உணவுகளையே நாள்தோறும் உண்டால் இப்பற்றீரியாக்களுக்குக் கிடைக்கும் இரை குறையும்.

இதைப் படித்துவிட்டு, வீட்டில் நீரிழிவுள்ள அம்மம்மாவிடம் "கூழ் குடித்தாற் போதும், மருந்து வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். கூழில் மாப்பொருளும் உண்டு. அது சமிபாடடைந்து குளுக்கோசாகும். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் வைத்தியரின் வேலை. அதேபோல், உணவுக்குச் சற்று முன்னர் எடுக்கும் இன்சுலினை ஏற்றிக்கொண்டு, உண்ணாமற் படகுக்குக் காத்திருப்பதும் ஆபத்தானது. குருதிக் குளுக்கோசு மிகக் குறைந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஏற்படலாம். சுயநினைவு உள்ளவராயின் உடனே சீனி கரைத்த நீர் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே வைத்திய உதவி பெறவேண்டும்.

பயிற்சி வினா: இன்சுலின் வில்லையாக விழுங்கப்படாது ஊசி மூலம் ஏற்றப்படுவது ஏன்?

விடை: இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் உள்ள புரதச் சமிபாட்டு நொதியங்களால் உடைக்கப்படும். எனவே ஓமோனாகத் தொழிற்படக்கூடிய நிலையில் குருதியை அடையாது. "இரைப்பையில் கரைந்துவிடும்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. நொதியம் என்ற சொல் இடம்பெற வேண்டும்.